எண்ணா, எழுத்தா? முதலில் இதைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, புரோகிராமிங் கற்க விரும்பும் பலரும் பைத்தான் மொழியில் தொடங்குகிறார்கள். எளிமையானது, இலவசமாகக் கிடைப்பது. நல்ல தேர்வுதான். ஆனால், "பைத்தானில் டேட்டா டைப்பை அறிவிக்கத் தேவையில்லை, எனவே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தவறு என்பது என் கருத்து.

ஒரு சிறிய சோதனை. கீபோர்டில் இருந்து இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் புரோகிராம் ஒன்றை எழுதுங்கள். 25, 30 எனக் கொடுத்தால் 55 வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவதோ 2530! காரணம், இன்புட் ஃபங்ஷன் நீங்கள் டைப் செய்வதை எப்போதும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துக்களின் கோவையாகவே தருகிறது. ஸ்ட்ரிங்குகளைக் கூட்டினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். இன்ட் ஃபங்ஷன் மூலம் முழு எண்ணாக மாற்றிய பின் கூட்டினால்தான் 55 கிடைக்கும்.

முழு எண்ணுக்கு இன்டிஜர், தசம எண்ணுக்கு ஃபுளோட், எழுத்துக்கு ஸ்ட்ரிங், ஆம்/இல்லை என்பதற்கு பூலியன். தொடக்கத்திற்கு இந்த நான்கும் போதும். இவற்றில் ஃபுளோட்டிடம் கொஞ்சம் கவனம் தேவை. பைத்தானில் 0.1 + 0.2 எனக் கொடுத்தால் 0.30000000000000004 என்று விடை வரும். 1ஐ 3ஆல் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? பைனரி முறையில் 0.1க்கும் அதே கதிதான். எனவே பணக் கணக்கு எழுதும்போது ரூபாயைப் பைசாவாக்கி இன்டிஜரில் வைப்பது பாதுகாப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சறுக்கியிருக்கிறேன். வாடிக்கையாளர் எண்ணை, பெயரிலேயே "எண்" இருக்கிறதே என்று, இன்டிஜராக வைத்தேன். 0125 என்பவரும் 125 என்பவரும் வேறு வேறு நபர்கள். இன்டிஜரில் முன்னால் உள்ள பூஜ்யத்திற்கு மதிப்பில்லை. இருவரும் ஒருவராகி, ஒருவரின் பாக்கி இன்னொருவர் தலையில் விழுந்தது. புரோகிராம் எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை. அதுதான் பெரிய ஆபத்து.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், தன் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட் ஃபுளோட் மதிப்பு ஒன்றை 16 பிட் இன்டிஜராக மாற்ற முயன்றதில் தொடங்கியது சிக்கல். அந்த இன்டிஜரில் 32,767க்கு மேல் இடமில்லை. வந்த மதிப்போ அதைத் தாண்டியிருந்தது.

அதற்காகப் பைத்தானை விட்டுவிட்டு சி மொழிக்கு ஓட வேண்டியதில்லை. பைத்தானிலேயே தொடங்குங்கள், டேட்டா டைப்பை முதல் நாள் பாடமாக வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வேரியபிளை அமைக்கும்போதும், "இதை வைத்துக் கணக்குப் போடப் போகிறேனா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் எண். இல்லை என்றால், போன் நம்பரோ பின்கோடோ, அது ஸ்ட்ரிங்தான். சந்தேகம் வந்தால் டைப் ஃபங்ஷனிடம் கேளுங்கள்; உடனே சொல்லிவிடும்.