புற்றை வெல்வோர் இதயத்தையும் காப்பாற்றுங்கள்: கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகத்துக்கும், இம்மாவட்டப் புற்றுநோயாளிகளும் குடும்பத்தாரும் முன்வைப்பது.

மார்பகப் புற்று, ரத்தப் புற்று நோயாளிகள் பலருக்குச் செலுத்தப்படும் செந்நிற மருந்து டாக்ஸோரூபிசின். உயிரைக் காக்கும் அதே மருந்து, அளவு கூடக் கூட இதயத் தசையைப் பலவீனப்படுத்துகிறது. சதுர மீட்டர் உடற்பரப்புக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கும், 550 ஏறியவர்களில் 26 பேருக்கும் இதயச் செயலிழப்பு நேர்ந்ததாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் பாதிப்பு தலைகாட்டலாம். இதய எக்கோ பரிசோதனை அதை முன்கூட்டியே கண்டறிய உதவும்.

இந்த அச்சத்தைக் காசாக்க ரெய்ஷி காளான் பொடி விற்கப்படுகிறது. டாக்ஸோரூபிசின் கொடுத்த எலிகளின் இதயத்தை ரெய்ஷி ஓரளவு காத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் அது நிரூபணமாகவில்லை. அந்தப் பொடியால் கல்லீரல் பாதிப்பும், ரத்தம் உறையாமைக்கான மருந்து உண்போருக்கு ரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிக் குறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த மக்களையும் மனத்தில் கொண்டு கோருகிறோம்:

1. கீமோ சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் பின்பும் எக்கோ பரிசோதனை, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றி, குறித்த நாளில் கிடைக்க வேண்டும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து வருவோருக்குப் பயணச் செலவு தர வேண்டும்.

2. இதுவரை ஏறிய மொத்த மருந்தளவைத் தமிழில் எழுதிய அட்டை ஒவ்வொரு நோயாளியிடமும் இருக்க வேண்டும்.

3. இதயம் காக்கப் பயன்படும் டெக்ஸ்ராசாக்சேன் மருந்தை, மருத்துவர் பரிந்துரைப்போருக்கு அரசே வழங்க வேண்டும்.

4. காளானின் பயனை அரசு மருத்துவக் கல்லூரிகளும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து முறையாகப் பதிவுசெய்த மனித ஆய்வில் சோதிக்க வேண்டும். மலைவாழ் மக்களில் ஒருவரையும் அவரது முழுச் சம்மதமின்றி அதில் சேர்க்கக் கூடாது.

5. புற்றுநோயையும் இதய நோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வோர் மீது 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

6. மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளி என்ன பொடி சாப்பிடுகிறார் என்று கடிந்துகொள்ளாமல் கேட்டு, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

புற்றிலிருந்து மீண்டவரை இதய நோய்க்குப் பலி கொடுக்க நாங்கள் ஒப்பமாட்டோம். இக்கோரிக்கைகளை நிறைவேற்ற ஆவன செய்யுங்கள்.