துடைப்பத்தைப் படம் எடுப்பவர்கள்

காலையில் எழுந்ததும் கேமராவும் கையுமாக காபி டம்ளரையும் கதவுத் தாழ்ப்பாளையும் படம் எடுக்கிற ஒருவரை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "படிக்கிற பிள்ளைக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டால் அது மரியாதையான கேள்வி. வீட்டுச் சாமான்களில் தினம் ஒன்றைப் படம் எடுப்பது வெட்டி வேலை என்பதுதான் பொதுக் கருத்து. அந்தக் கருத்து சரியல்ல.

புகைப்படக் கலையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' புத்தகத்தில், கட்டடங்களுக்கும் சிலைகளுக்கும் நடுவே, திறந்த கதவோரம் சாய்த்து வைத்த ஒரு துடைப்பம் இருக்கிறது. அலமாரியில் அடுக்கிய பீங்கான் சாமான்களும் இருக்கின்றன. திருடன் இவற்றைக் கொண்டுபோனால் இந்தப் படத்தையே கோர்ட்டில் சாட்சியாகக் காட்டலாமே என்றும் எழுதியிருக்கிறார். (விவரமான மனிதர்!)

நம் வீடுகளிலோ கதை வேறு. கல்யாண ஆல்பம் இருக்கும், காதுகுத்துப் படம் இருக்கும். சுவரில் மாலையோடு பாட்டி இருப்பார், ஸ்டுடியோ நாற்காலியின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்தபடி. அந்த விறைப்பு அவர் வாழ்க்கையில் அந்த ஒரு நாள் மட்டும் இருந்தது. நாள்தோறும் அவர் கையில் இருந்த பாக்குவெட்டிக்குப் படம் கிடையாது. பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியாயிற்று. மிக்ஸி வந்ததும் அம்மி கொல்லைப்புறம் போனது. போகப் போகிறது என்று யாருக்கும் தோன்றாததால்தான் யாரும் படம் எடுக்கவில்லை. எப்போதாவது நடப்பதைப் படம் எடுக்கிறோம். எப்போதும் இருப்பது இருந்துகொண்டே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

பத்து நாளில் அலுத்துவிடும் என்பார்கள். உண்மை. கடிகாரம், சைக்கிள், குக்கர் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. எடுக்க ஒன்றுமில்லை என்ற நிலை வந்தபின்தான் அரிவாள்மணைக் கட்டையில் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான இடமும், கரித்துணியில் அடுப்பு சுட்ட ஓட்டையும், சொம்பின் கழுத்தில் பாதி அழிந்துபோன பெயரும் கண்ணில் படுகின்றன.

செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக் முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். பிராக் நகரில் இருந்த தன் ஸ்டுடியோவின் ஜன்னலை மட்டும் 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி... இவையே அவருக்குப் போதுமானதாக இருந்தன. "எங்க வீட்ல எடுக்கிற மாதிரி என்ன இருக்கு?" என்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜேமி லிவிங்ஸ்டன் கொஞ்சம் வேறு மாதிரி. 1979 மார்ச் 31-ல் தொடங்கி, நாளுக்கு ஒரு போலராய்ட் படம். நண்பர்கள், சாப்பாடு, அறை, எது கண்ணில் பட்டதோ அது. கடைசிப் படம் 1997 அக்டோபர் 25 அன்று. அன்றுதான் அவர் புற்றுநோயால் இறந்தார்; அது அவருடைய 41-வது பிறந்தநாளும்கூட. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களில் பல, தனியாகப் பார்த்தால் மிகச் சாதாரணம். வரிசையாகப் பார்க்கும்போது அப்படிச் சொல்ல முடியவில்லை.

இதைச் செய்கிற பலர் செய்யும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். டம்ளரைப் பளபளவென்று தேய்த்து, கீழே பட்டுத்துணி விரித்து, பக்கத்தில் ஒரு பூ வைத்து எடுக்கிறார்கள். அது பாத்திரக்கடை விளம்பரம். டம்ளர் கழுவாமல் தொட்டி முற்றத்தில் கிடந்தால் அங்கேயே அப்படியே எடுக்க வேண்டும்.

படத்தோடு ஒரு வரியும் எழுதி வைப்பது நல்லது. யார் வாங்கியது, எப்போது, எந்த ஊர்ச் சந்தையில். முறுக்கு உழக்கின் அடியில் பொறித்திருக்கும் இரண்டு எழுத்து யாருடையது என்பது அனேகமாக அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியாவிட்டால் பெரியம்மாவிடம் கேட்கலாம், அவர் இருக்கும்போதே.