விலை பேசாத சந்தை!

சந்தை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கத்தரிக்காய், வெங்காயம், ஆடு, மாடு. விற்பவர் ஒரு விலை சொல்வார். வாங்குபவர் ஒரு விலை கேட்பார். பேரம் படிந்தால் பொருள் கை மாறும்.

ஆனால், விலை பேசவே கூடாதவையும் உலகில் உண்டு. அரசாங்கக் கல்லூரியில் ஓர் இடம். நோயாளிக்கு வேண்டிய ஒரு சிறுநீரகம். இவற்றைக் காசுக்கு விற்றால் சட்டம் தண்டிக்கும்.

சரி, காசு கூடாது. அப்படியானால் யாருக்கு எது என்று எப்படிப் பங்கிடுவது?

இந்தக் கேள்வியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் ஆல்வின் ராத். அவருடைய துறைக்குச் 'சந்தை வடிவமைப்பு' என்று பெயர். அதற்காக 2012-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டறிந்த விஷயம், பிளஸ் டூ முடித்த பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையானது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு

பங்கீட்டு விதி நமக்குப் புதிதல்ல. காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் அது வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. ஆண்டு 919, 921.

ஊரை 30 குடும்பு ஆகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத ஒரு பாலகன் ஓலையை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்திருக்கக்கூடாது அல்லவா? பிறகு எல்லோர் முன்பும் பெயர் படிக்கப்பட்டது.

கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடம் இல்லை. மூன்று ஆண்டுக்குள் பதவி வகித்தவருக்கும் இல்லை.

அது எல்லா மக்களுக்குமான தேர்தல் அல்ல. நிலமும், சொந்த வீடும், வேதப் படிப்பும் உள்ள பிராமணருக்கு மட்டுமே உரியது. ஆனாலும் ஓர் உண்மையை அந்த விதி அறிந்திருந்தது. மனிதர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. ஏமாற்ற இடம் கொடாதபடி விதி இருக்க வேண்டும்!

பள்ளியை விட்டவர் பேராசிரியர் ஆனார்

ராத் 1951-இல் நியூயார்க்கில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் பள்ளி ஆசிரியர்கள். மகனோ பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளியேறினார்! ஆனாலும் கொலம்பியா பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1971-இல் அங்கே பட்டம் பெற்றார். 1974-இல் ஸ்டான்போர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிறகு இல்லினாய், பிட்ஸ்பர்க், ஹார்வர்டு ஆகிய பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவி. கடைசியில், தாம் படித்த ஸ்டான்போர்டுக்கே திரும்பினார்.

அவருக்கு முன்பே, 1962-இல், டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார்கள். நோபல் பரிசை ராத்துடன் பகிர்ந்துகொண்டவர் இந்த ஷாப்லிதான்.

அவர்கள் சொன்ன வழி எளிது. ஒவ்வொருவரும் தமக்கு எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசையாக எழுதட்டும். முதல் விருப்பத்துக்கு முதலில் மனுப் போகும். கல்லூரி உடனே முடிவு சொல்லாது. மனுவைக் கைவசம் வைத்திருக்கும். அதைவிடத் தகுதியான மனு வந்தால், பழையதை விட்டுவிடும். விடப்பட்டவர் தம் இரண்டாவது விருப்பத்துக்குப் போவார். எல்லா மனுக்களும் ஓய்ந்த பிறகுதான் இடம் உறுதி ஆகும்.

அமெரிக்காவில் புதிய டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரி வேலை தரும் ஏற்பாடு, 1950-களிலிருந்தே ஏறக்குறைய இப்படி நடப்பதை ராத் 1984-இல் எடுத்துக்காட்டினார். அந்த ஏற்பாட்டைத் திருத்தும் பொறுப்பும் பின்னர் அவருக்கே வந்தது. திருத்திய முறை 1998-இல் நடைமுறைக்கு வந்தது.

சிறுநீரகத்திலும் இதே சிந்தனைதான். கணவனுக்குக் கொடுக்க மனைவி முன்வருகிறாள். ரத்த வகை பொருந்தவில்லை. இன்னொரு தம்பதிக்கும் அதே கஷ்டம். இவர் அவருக்கும், அவர் இவருக்கும் கொடுத்தால் இரண்டு உயிர் பிழைக்கும். இப்படி ஜோடி சேர்க்கும் முறையை ராத்தும், துருக்கியைச் சேர்ந்த சோன்மெஸ், உன்வர் ஆகிய நிபுணர்களும் வகுத்தார்கள். நம் நாட்டிலும் 2011-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இந்தப் பரிமாற்றத்துக்கு வழி விட்டது.

பாஸ்டன் பெற்றோரின் தந்திரம்

எல்லா விதியும் நல்ல விதி ஆகிவிடுமா? பாஸ்டன் நகரத்துக் கதையைக் கேளுங்கள்.

அங்கே பள்ளிகள், தம்மை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் கொடுத்து, உடனே உறுதியும் செய்துவிடும். முதல் விருப்பம் தவறினால், இரண்டாவது பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும்! ஆசைப்பட்டதை அப்படியே எழுதிய பிள்ளை நடுத்தெருவில் நிற்கும்.

விவரம் தெரிந்த பெற்றோர் என்ன செய்தார்கள்? உண்மை ஆசையை மறைத்து, எளிதில் கிடைக்கும் பள்ளியை முதலில் எழுதினார்கள். தந்திரம் தெரியாத ஏழைக் குடும்பங்கள் ஏமாந்தன.

ராத்தும் அவருடைய தோழர்களும் இதை எடுத்துச் சொன்னார்கள். 2005-இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. உண்மையை எழுதியவர் நஷ்டப்படாத முறை வந்தது.

நம் பிள்ளைகளுக்கு என்ன பாடம்?

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் 1997-லிருந்து ஒற்றைச் சாளர முறையில் கவுன்சலிங் நடத்தியது. அன்று பிள்ளையும் பெற்றோரும் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி என்று திரையில் பார்த்து, அங்கேயே தேர்ந்தெடுத்தார்கள்.

2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். அலைச்சல் குறைந்தது. ஆனால் ஒரு புதிய பொறுப்பு வந்துவிட்டது. விருப்பப் பட்டியலை முன்கூட்டியே எழுத வேண்டும். தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதலில் எழுதியது இல்லையென்றால் இரண்டாவது. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது.

இது பாஸ்டனின் பழைய முறை அல்ல. ஆகவே தந்திரம் தேவையில்லை. 'நமக்குக் கிடைக்காது' என்று எண்ணி, ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். அதை மேலே எழுதுவதால் அடுத்த விருப்பம் கெட்டுப்போகாது. பட்டியலைச் சுருக்கியும் எழுதாதீர்கள். பத்து மட்டும் எழுதி, பத்தும் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான். சேர விருப்பமில்லாத கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள். இடம் ஒதுக்கியபின், உறுதி செய்யும் கெடுவையும் தவறவிடாதீர்கள்.

விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. பங்கிடும் முறை எத்தனை நேர்மையாக இருந்தாலும், நல்ல கல்லூரிகளின் எண்ணிக்கை அதனால் கூடாது. கிராமப் பள்ளிக்கும் நகரப் பள்ளிக்கும் உள்ள வித்தியாசமும் மறையாது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020-லும் பொறியியலில் 2021-லும் வந்தது. அது அரசாங்கம் செய்த முடிவு. கணக்கு நிபுணர் செய்யக்கூடியது அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. எந்தக் கல்லூரி நல்லது என்று படித்த குடும்பம் நாலு பேரிடம் விசாரிக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாரைக் கேட்கும்? ஊர்ப் பள்ளி ஆசிரியரும், கல்லூரியில் படிக்கும் அண்ணனும் அக்காவும் ஒரு மாலை உட்கார்ந்து பட்டியல் எழுத உதவினால், அதைவிடப் பெரிய தருமம் இல்லை.

அன்று ஓலையை எடுத்த பாலகனின் கை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இன்று கம்ப்யூட்டரின் கை தெரிவதில்லை. அது எந்த விதிப்படி நடக்கிறது என்பதையாவது எல்லா வீட்டுக்கும், எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும்!