கற்பித்தவரே பரிசோதகர்

2003-ம் வருஷம் ஜனவரி மாதம் 8-ந் தேதி அமெரிக்காவில் ஷார்லட் நகர விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சிறு விமானம் ஒன்று, மூக்கை வானுக்கு நிமிர்த்தி, வேகமிழந்து, விமானக் கொட்டகையில் மோதி எரிந்தது. அதிலிருந்த 21 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில் வெளிப்பட்டது என்ன? பாரக் கணக்குப் பிசகியதால் வால்புறம் கனத்திருந்தது. அப்போது மூக்கைத் தாழ்த்த வேண்டிய வால் சுக்கானோ, இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. இரண்டு நாளைக்கு முன் அதன் கம்பிவடத்தைச் சரிப்படுத்திய தொழிலாளிக்கு அவ்வேலை புதிது. பக்கத்திலிருந்து கற்பித்தவர் சில படிகளை விட்டுவிட இடங்கொடுத்தார். முடிந்த வேலையைப் பரிசோதித்து ஒப்புக்கொண்டவரும் அவரே!

அதன்பின் ஒன்பது முறை விமானம் சுகமாகவே பறந்தது. பத்தாவது முறை பாரம் மிகுந்தது. மறைந்திருந்த குறை உயிர்களைக் கொண்டு போயிற்று.

கணக்கெழுதியவரே தணிக்கையும் செய்தால் ஒரு சங்கத்தின் கதி என்னவாகும் என்பதை நாம் அறிவோம். விமானத்துக்கும் அதே நியாயந்தான். பரிசோதனைக்கு வேண்டியது இன்னொருவருடைய கண். ஒன்பது முறை ஒன்றும் நேரவில்லை என்பது, வேலை சரியாக நடந்தது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.