வெள்ளைத் தலையை மட்டும் தேடாதீங்க பாஸ்!

கண்ணை மூடிக்கிட்டு, 'அமெரிக்கக் கழுகு'ன்னு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. என்ன வந்துச்சு? தும்பைப் பூ மாதிரி வெள்ளைத் தலை, வளைஞ்ச மஞ்சள் மூக்கு, முறைக்கிற பார்வை... ஒரு டாலர் நோட்டுல இருக்கிற அதே ஆசாமி. கரெக்டா?

இப்ப ஒரு குட்டி டெஸ்ட். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போயிட்டீங்கன்னு வெச்சுக்குவோம். நவம்பர் மாசம், ஒரு சனிக்கிழமை. ரூம்மேட் உங்களை மேரிலாந்துல இருக்கிற கோனோவிங்கோ அணைக்குக் கூட்டிட்டுப் போறார். சஸ்குவஹானா ஆத்துக்குக் குறுக்கே கட்டின நீர்மின் அணை அது. டர்பைன் வழியா வர்ற மீன்கள் அடிபட்டு, மயங்கி மேல மிதக்கும். ஃப்ரீ மீல்ஸ்னா யார்தான் விடுவாங்க? கழுகுக் கூட்டம் கூடிடும். கரை முழுக்க பீரங்கி சைஸ் லென்ஸோட போட்டோகிராபர்கள்.

உங்க தலைக்கு மேல பெருசா ஒரு பறவை போகுது. உடம்பு பிரவுன், தலையும் பிரவுன். 'சே, இது வேற ஏதோ பருந்து'ன்னு முகத்தைத் திருப்பிக்கிறீங்க.

அவுட்! நீங்க விட்டது சாட்சாத் அதே வெண்தலைக் கழுகைத்தான்.

விஷயம் இதுதான். வெள்ளைத் தலைங்கிறது பிறக்கும்போதே கிடைக்கிறது இல்ல. அது அஞ்சு வருஷ கோர்ஸ். ஃபர்ஸ்ட் இயர்ல உடம்பு, தலை, மூக்கு எல்லாமே கருப்பு கலந்த பிரவுன். அடுத்த ரெண்டு வருஷம் வயித்துலயும் இறக்கைக்கு அடியிலயும் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு. நாலாவது வருஷம் தலை வெளுக்கும், கண்ணுக்குப் பக்கத்துல மட்டும் ஒரு அழுக்குக் கோடு நிக்கும். ஏறக்குறைய அஞ்சு வயசுலதான் தலையும் வாலும் பளிச்! ஆனா சைஸ்ல ஜூனியர், சீனியர் வித்தியாசம் கிடையாது.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? கலரை மறந்துட்டு, பறக்கிற ஸ்டைலைப் பாருங்க. வெண்தலைக் கழுகு இறக்கையை நேரா, பலகை மாதிரி விரிச்சு மிதக்கும். 'டர்க்கி வல்ச்சர்'ங்கிற பிணந்தின்னிக் கழுகு இறக்கையை 'வி' மாதிரி தூக்கி வெச்சுக்கிட்டு, தள்ளாடித் தள்ளாடிப் போகும். மீன் பிடிக்கிற இன்னொரு பார்ட்டி 'ஆஸ்ப்ரே'. அதோட இறக்கை மணிக்கட்டுல மடங்கி 'எம்' மாதிரி இருக்கும், வயிறு வெள்ளை. ரொம்பக் குழப்புறது பொன்னாங் கழுகு. அதுக்குத் தலையும் மூக்கும் சின்னது, கால்ல விரல் வரைக்கும் இறகு. நம்மாளுக்குப் பெரிய தலை, பெரிய மூக்கு, கணுக்கால்ல இறகே இல்லாம மஞ்சளாத் தெரியும்.

'சரி, இந்த பிரவுன் குட்டியைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆகப் போகுது?'ன்னு கேக்குறீங்களா? அங்கதான் கதையே.

சார்லஸ் புரோலினு ஒருத்தர். கனடாவுல பேங்க் வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர். 1939-ல ஆரம்பிச்சு, ஃபுளோரிடா கடற்கரையில மரம் மரமா ஏறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழுகுக் குஞ்சுகளுக்குக் கால்ல வளையம் மாட்டினார். 1947-லேருந்து கூடுகள்ல குஞ்சுகள் குறைய ஆரம்பிச்சுது. 1958-ல ஒரே ஒரு குஞ்சைக் கண்டுபிடிக்க அவர் 100 மைலுக்கு மேல அலைய வேண்டியிருந்துச்சு.

அதே நேரம் பென்சில்வேனியாவுல, ஹாக் மவுண்டன்ங்கிற மலையில வலசை போற கழுகுகளை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. 1935-39-ல, பார்த்த கழுகுகள்ல 40 சதவிகிதம் இளசுங்க. 1955-59-ல அது 20 சதவிகிதம் ஆயிடுச்சு. 1957-ல, 32 பெரிய கழுகுக்கு ஒரே ஒரு இளசு!

யோசிச்சுப் பாருங்க. வெள்ளைத் தலையை மட்டும் எண்ணியிருந்தா, 'கழுகுதான் இருக்கே'ன்னு எல்லாரும் நிம்மதியாத் தூங்கியிருப்பாங்க. பிரவுன் குட்டிங்க காணோம்னு கவனிச்சதாலதான் ஆபத்து தெரிஞ்சுது. வில்லன், டி.டி.டி. பூச்சிமருந்து. வயல்லேருந்து ஆத்துக்கு, ஆத்துலேருந்து மீனுக்கு, மீன்லேருந்து கழுகுக்கு. முட்டை ஓடு மெலிஞ்சு, அடைகாக்க உக்கார்ந்தாலே உடைஞ்சுது. ரேச்சல் கார்சன் 1962-ல 'சைலண்ட் ஸ்பிரிங்' புத்தகத்துல இந்தக் கணக்கையெல்லாம் எடுத்து எழுதினாங்க. 1963-ல, அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்கள்ல கூடு கட்டின ஜோடி வெறும் 417. அமெரிக்கா 1972-ல டி.டி.டி.யைத் தடை பண்ணுச்சு. 2007-ல அழிவின் விளிம்புப் பட்டியல்லேருந்து கழுகு வெளியே வந்துச்சு. 2021-ல வெளியான கணக்குப்படி அதே மாநிலங்கள்ல 71,400 ஜோடிக்கு மேல!

முழு நிம்மதின்னு சொல்ல முடியாது. ஈயக் குண்டு பாஞ்ச வேட்டை மிச்சத்தைத் தின்னு, கழுகுகள் உடம்புல ஈய விஷம் ஏறுது. அதனால எண்ணுற கண்ணு இன்னும் தேவைப்படுது.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. கூட்டைப் பார்த்தா 330 அடி தள்ளியே நில்லுங்க. கீழே அழகா ஓர் இறகு கிடந்தாலும், 'ஊருக்குக் கொண்டு போலாமே'ன்னு எடுத்துடாதீங்க. 1940-ல வந்த சட்டப்படி, அனுமதி இல்லாம வெச்சிருந்தாலே குற்றம். ஸ்டூடண்ட் விசாவுல போய் இறகுக்காக மாட்டிக்கணுமா?

'நான் அமெரிக்காவெல்லாம் போகலை'ங்கிறவங்களுக்கு நம்ம ஊர்லயே பிராக்டிஸ் கிளாஸ் இருக்கு. வெள்ளைத் தலை கருடன்... அதாங்க, செம்பருந்து. அதோட குஞ்சும் பிரவுன்தான், பார்த்தா கரும்பருந்து மாதிரியே இருக்கும். வாலைப் பாருங்க: கரும்பருந்துக்கு நடுவுல பிளவு, செம்பருந்துக்கு உருண்டை. மீன்பிடித் துறைமுகம் பக்கமோ ஏரிக்கரைப் பக்கமோ போனா, அண்ணாந்து பாருங்க.

கருடன் தெரிஞ்சதும் கன்னத்துல போட்டுக்கிட்டுத் திரும்பிடாதீங்க. பக்கத்துல ஒரு குட்டி பிரவுன் இருக்கான்னும் பார்த்துட்டு வாங்க!