ஏழாம் தேதி நிம்மதி

பணம் வந்தால் மகிழ்ச்சி வருமா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் வாயில் சட்டென்று வருவது ‘வராது’ என்ற பதில்தான். பட்டிமன்றத்திலும் அந்த அணிக்கே கைதட்டல் அதிகம். கோடீஸ்வரர் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு புரள்கிறார், கூலிக்காரர் கட்டாந்தரையில் துண்டை விரித்துக் குறட்டை விடுகிறார் என்ற உதாரணத்தை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! அந்தக் கூலிக்காரரிடம் மைக்கை நீட்டி, ‘அப்படித்தானா?’ என்று கேட்டவர் எவரும் இல்லை.

கேட்பதற்குத் தோதான இடம் புனே நகரை ஒட்டியிருக்கும் கசார்வாடி. பழைய மும்பை - புனே சாலையில், பிம்ப்ரிக்கும் தாபோடிக்கும் நடுவே இருக்கிறது. லோனாவாலா லோக்கல் நின்று போகும் சின்ன ஸ்டேஷன். சாலைக்கு மேலே 2022 மார்ச் 6 முதல் ஓடும் மெட்ரோ. சற்றுத் தள்ளி நாசிக் பாட்டாவில் ஜே.ஆர்.டி. டாடா பெயர் தாங்கிய இரண்டடுக்கு மேம்பாலம். 1960-களில் போசரி, சிஞ்ச்வட், ஆகுர்டி வயல்களில் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை வந்தது முதல் இந்தச் சாலையில் ஷிப்ட் மாறும் நேரம்தான் கடிகாரம். டிபன் டப்பாவும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக இறங்கி நடப்பவர்களில் நிரந்தரத் தொழிலாளி ஒரு பக்கம், காண்டிராக்டில் இருப்பவர் இன்னொரு பக்கம். இருவரும் ஒரே மெஷினில் ஒரே வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கலாம். அட்டையின் நிறம் மட்டும் வேறு.

மாதத்தின் முதல் வாரத்தில் இந்த இருவரின் முகத்தையும் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம் வரும் தேதி தெரியும். காண்டிராக்டில் இருப்பவர் நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்ப்பார். மெசேஜ் வந்தால் முதல் காரியம், கிராணாக் கடை நோட்டில் ஏறியிருக்கும் பாக்கி. அடுத்தது அறை வாடகை. மூன்றாவது, ஊருக்கு அனுப்ப வேண்டியது. இவ்வளவும் முடிந்த பிறகு டீக்கடையில் ஒரு கட்டிங் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த ஐந்து நிமிடத்துக்குத் தமிழில் மகிழ்ச்சியைவிடப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: நிம்மதி. அதைப் பணம்தான் கொண்டுவந்தது. வேறு எதுவும் கொண்டுவந்திருக்க முடியாது.

எதிரணிக்கும் இதே வட்டாரத்தில் சாட்சி கிடைக்கும். கசார்வாடிக்குப் பக்கத்து ஊர் போசரி. அங்கே சீட்டு நிறுவனம் நடத்திவந்த தத்தா புகே, 1.27 கோடி ரூபாய் செலவில், மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தில் ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டார். 2013-இன் தொடக்கத்தில் அந்தப் படம் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது. 2016 ஜூலையில் அவர் அடித்துக் கொல்லப்பட்டார். பணத் தகராறு என்றது போலீஸ். இதை நீதிக்கதை ஆக்குவது எளிது. நமக்கு விருப்பமில்லை. தங்கச் சட்டை போடாமலே பணத் தகராறில் உயிர்விட்டவர்கள் ஏராளம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தச் சட்டையைத் துவைக்க முடியாது, அணிந்து உட்கார்ந்தால் சுகமும் கிடையாது. அதன் ஒரே பயன் பிறர் கண்ணில் படுவது. பிறர் கண்ணுக்காகச் செலவிடும் பணத்துக்குக் கணக்கு முடிவதே இல்லை. மறுநாள் இன்னொருவர் நாலு கிலோவில் தைத்தால் போயிற்று.

இந்த வட்டாரத்து மராட்டியில் ‘குண்டா மந்திரி’ என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு குண்டா. 1,089 சதுர அடி. அப்பன் பாட்டன் நிலத்தைக் குண்டா குண்டாக விற்று, பெரிய காரும் கழுத்து நிறையச் சங்கிலியுமாக வலம் வருகிறவர்தான் குண்டா மந்திரி. ஊர் சிரிக்கிறது. சிரிக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவருக்குப் பணம் கிடைத்த அன்றே தொழில் போனது. விடிந்தால் மாட்டை அவிழ்க்க வேண்டியதில்லை, மழையை எண்ணி வானம் பார்க்க வேண்டியதில்லை. கையில் மொத்தமாக ஒரு தொகை, செய்ய வேலை இல்லை, கல்யாணம் முதல் காது குத்து வரை வாசலில் வந்து நிற்கும் உறவு. சுரக்காத கிணற்றில் இறைத்துக்கொண்டே இருந்தால் அடித்தரை தெரிவதற்கு எத்தனை நாள் ஆகும்?

அதே புனேயின் கிழக்குப் பக்கம், ஹடப்சரில் வேறு விதமாக நடந்தது. மகர்பட்டாவின் சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், நகரம் தங்களை விழுங்கப் போகிறது என்று தெரிந்ததும் தனித்தனியாக விற்கவில்லை. சதீஷ் மகர் முன்னின்று நடத்த, 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒன்றாகச் சேர்த்துக் கம்பெனி ஆக்கினார்கள். யாருக்கு எவ்வளவு நிலமோ அதற்கேற்ற பங்கு. அங்கே எழுந்த குடியிருப்புகளிலிருந்தும் ஐ.டி. அலுவலகங்களிலிருந்தும் வருமானம் அந்தக் குடும்பங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. காண்டிராக்ட் எடுத்தும் கடை வைத்தும் பலர் புதுத் தொழிலும் பழகிக்கொண்டார்கள். குண்டா மந்திரிக்கும் இவர்களுக்கும் கிடைத்தது ஒரே நகரத்தின் நில விலைதான். வந்த விதம்தான் வேறு.

ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மனநிலை உயர்வதில்லை என்று கண்டார்கள். ‘ஓரளவு பணம் போதும்’ என்போருக்கு அது வேதவாக்காகிவிட்டது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற இளைய ஆய்வாளர் அதை மறுத்தார். உயர்வு நிற்கவே இல்லை என்றார். கானமன் என்ன செய்தார் தெரியுமா? மறுத்தவரையே கூப்பிட்டு உட்காரவைத்து, பார்பரா மெல்லர்ஸ் நடுவராக இருக்க, இருவரும் சேர்ந்து கணக்கை மறுபடி பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே மனம் மிகவும் வாடியிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் ஓர் எல்லைக்கு மேல் பணம் உதவுவதில்லை. தன் பெயரால் உலகம் சுற்றிய முடிவைத் தானே திருத்திக்கொண்ட அந்தப் பெரியவரை, நம் தொலைக்காட்சி விவாதக்காரர்களுக்கு ஒரு முறை காட்டியிருக்கலாம்.

இந்த ஆய்வில் நமக்கு முக்கியம் இன்னொன்று. மகிழ்ச்சி ரூபாய்க் கணக்கில் ஏறுவதில்லை, இரட்டிப்புக் கணக்கில் ஏறுகிறது. மாதம் 15,000 வாங்குகிறவர் 30,000-க்குப் போனால் எத்தனை படி ஏறுவாரோ, அதே படி ஏற மாதம் 15 லட்சம் வாங்குகிறவர் 30 லட்சத்துக்குப் போக வேண்டும். கூட்டிப் பாருங்கள்: மேலே இருக்கும் ஒருவரை ஒரு படி ஏற்றத் தேவைப்படும் அந்த 15 லட்சம், கசார்வாடி ஸ்டேஷனில் இறங்கும் நூறு பேரை ஆளுக்கொரு படி ஏற்றிவிடும். அமெரிக்கக் கணக்கு அப்படியே இங்கே பொருந்தாது என்பார்கள். பொருந்தாதுதான், இங்கே கீழ்ப்படி அதைவிடச் செங்குத்து.

அதற்கு ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். கரும்புப் பணம் வருடத்துக்கு ஒரு தடவை வருவது. அதற்கு முந்திய மாதங்களில் நகை அடகுக் கடையில் இருக்கும், கைமாற்றுக் கேட்காத வீடு இருக்காது. அந்த நேரத்தில் புத்தியைச் சோதிக்கும் புதிர்களில் தடுமாறிய அதே விவசாயி, பணம் வந்த பிறகு தெளிவாக விடை சொன்னார். ஆளும் அவரே, மண்டையும் அதே மண்டைதான். பணக்கவலை அறிவை மழுக்கும் அளவை, ஒரு முழு இரவு தூங்காமல் இருப்பதற்கு அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கட்டாந்தரையில் குறட்டை விடும் கூலிக்காரர் என்ற உதாரணத்தை இனி மேடையில் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

துறவிகளைக் கூப்பிடுவார்கள் அடுத்ததாக. கசார்வாடி வழியாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் தேஹுவிலிருந்து பக்திக் கவி துக்காராமின் பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் போகிறது. அவர் வட்டிக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. பஞ்சத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். கடன் பத்திரங்களில் தன் பங்கை இந்திராயணி ஆற்றில் போட்டார் என்பது மரபு சொல்லும் கதை. பணத்தை வெறுத்ததற்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். ஆற்றின் மறுகரையிலிருந்து இதைப் பாருங்கள். பத்திரம் தண்ணீரில் போன அன்று இரவு, தேஹுவில் கடன்பட்டிருந்த எத்தனை வீடுகளில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! கடன் தீர்வதும் கையில் காசு சேர்வதும் ஏழைக்கு ஒன்றே. துக்காராம் துறந்தது அவருடைய பணம்; பிறரை வறுமையில் திருப்தியாக இருக்கச் சொல்லவில்லை. திருவள்ளுவரும் நன்றியில் செல்வத்துக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர்தான். நல்குரவுக்கும் பொருள் செயல்வகைக்கும் தலா ஓர் அதிகாரம் அவரே ஒதுக்கினார். நாம் நமக்குத் தோதானதை மட்டும் மேடைக்கு எடுத்துப் போகிறோம்.

எனவே நம் நிலை இது. பணம் மகிழ்ச்சி தரும். குறைவாக இருப்பவருக்கு மிகுதியாகத் தரும். தேதி தவறாமல் வந்தால் இன்னும் தரும். ‘காசில் என்ன இருக்கிறது’ என்ற பேச்சைச் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகம் பேசினால் அதற்குத் தத்துவம் என்று பெயர் இல்லை.

மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ஒப்பந்ததாரர் தராவிட்டால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகளும் அதையே சொல்கின்றன. புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போசரியிலும் சென்னையை அடுத்த ஒரகடத்திலும் 7-ஆம் தேதி மாலை தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் தொழிற்சாலை வாசலில் வந்து நின்று, காண்டிராக்ட் தொழிலாளிக்குச் சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டாலே போதும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரின் கதை இதைவிட மோசம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்தாண்டு தாண்டியும் அது நகரவில்லை. அந்தக் குறைந்தபட்சம் மட்டும் வாங்குகிறவருக்கு நாள் ஒன்றுக்கு முப்பத்துமூன்று ரூபாய்.

நிலத்துக்கு வருவோம். பிம்ப்ரி - சிஞ்ச்வட் புதுநகருக்கு நிலம் கொடுத்தவர்கள், மேம்படுத்திய மனையில் 12.5 சதவீதத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பல்லாண்டு அலைந்தார்கள். அந்தக் கோரிக்கையில் இருந்த விவேகம் எல்லா அரசுகளுக்கும் இன்னும் எட்டவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். அவர்களிடம் ‘சந்தை விலையைவிடப் பல மடங்கு தருகிறோம்’ என்று பேசுவது, குண்டா மந்திரிகளை உண்டாக்கும் வழி. விருப்பமில்லாதவர் நிலத்தை எடுப்பது சரியா என்பது தனி வழக்கு. அதில் நாம் அந்த மக்கள் பக்கம். கொடுக்க முன்வருகிறவர்களுக்கேனும் காசோலையை நீட்டி அனுப்பிவிடாமல், எழப்போகும் திட்டத்தில் பங்கும், மாதந்தோறும் வருமானமும், பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சியும் என்று ஒப்பந்தம் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாத அதிகாரிகள் ஒரு முறை ஹடப்சருக்கு ரயில் ஏறட்டும். திரும்பும்போது ஏதாவது ஒரு மாதத்தின் ஏழாம் தேதியாகப் பார்த்து, கசார்வாடியிலும் இறங்கிவிட்டு வரட்டும்.