ஊத்த ஊத்தப் போகுமா?

போன வாரம் எதிர்வீட்டு மருமகள் முகம் வாடி வந்து நின்றாள். எட்டு மாதக் குழந்தைக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து வயிற்றால் போகிறதாம். "பாலு, தண்ணி எல்லாத்தையும் நிறுத்திட்டேன் ஆச்சி. இன்னும் நிக்கலையே!" என்றாள். எனக்குத் திக்கென்றது. பட்டப்படிப்பு படித்த பெண். கையில் செல்போன் வேறு. ஆனால் அவள் சொன்னதோ, நாற்பது வருஷத்துக்கு முன்பு எங்கள் அப்பத்தா சொன்ன அதே பேச்சு!

1983 கோடை. என் மூத்தவனுக்குப் பத்து மாதம். அவனைத் தூக்கிக்கொண்டு தேவகோட்டைக்கு, தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். வந்த இரண்டாம் நாளே வாந்தியும் பேதியும். "தண்ணி குடுக்காதே ஆத்தா. ஊத்த ஊத்தப் போகும்" என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அப்பத்தா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இந்த நம்பிக்கை ஏன் இத்தனை பலமாக இருக்கிறது தெரியுமா? கண்ணுக்கு அது நிஜம் போலவே தெரிகிறது. ஒரு சங்கு தண்ணீர் புகட்டினால் அடுத்த நிமிஷமே துணி நனைகிறது. புகட்டாமல் விட்டால் போக்கு குறைகிறது. குறையாமல் என்ன செய்யும்? உடம்பில் நீர் இருந்தால்தானே போவதற்கு!

சாயங்காலம் பிள்ளை அழுதான், கண்ணீர் வரவில்லை. "உச்சி விழுந்திருச்சு" என்று அப்பத்தா உச்சியில் எண்ணெய் வைத்தார். அவர் பார்த்தது சரிதான், உச்சிக்குழி உள்வாங்கித்தான் இருந்தது. ஆனால் அது தனி நோயல்ல, உடம்பு வற்றியதன் அடையாளம். அப்போது எனக்கு அது தெரியாது.

பக்கத்துத் தெரு நர்சம்மாவை அழைத்து வந்தோம். அவர் திட்டியது என்னைத்தான். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு சீனி, அரை உப்பு. "கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கொஞ்சங் கொஞ்சமாக் குடு. வாந்தி எடுத்தாப் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி குடு. தாய்ப்பாலை நிறுத்தாதே."

அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கோபம் என்றே நினைத்தேன். ராத்திரி முழுக்கச் சங்கும் கையுமாக இருந்தேன். விடிகிற நேரம் பிள்ளை மூத்திரம் போனான். முகத்தில் களை வந்தது. அப்பத்தா எழுந்து வந்து அவன் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கும் மூத்ததுன்னு ஒண்ணு இருந்துச்சு ஆத்தா. ஒன்றரை வயசு. தண்ணி தண்ணின்னு கையை நீட்டுச்சு. நான் குடுக்கலை."

அதற்கு முன்னும் பின்னும் அவர் அதைப் பேசியதில்லை. தூணில் சாய்ந்திருந்தது கோபத்தினால் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுத்த தண்ணீர் சரியென்றால், அவர் கொடுக்காமல் விட்டது என்ன? அறுபது வருஷம் கழித்து ஒரு தாய் அந்தக் கேள்விக்கு எப்படி முகம் கொடுப்பாள்!

பெரிய டாக்டர்களும் இதற்கு விலக்கல்ல. காலராவுக்கு நரம்பு வழியே சலைன் ஏற்றினால்தான் உயிர் நிற்கும், வாய்வழி கொடுப்பது அரைகுறை வைத்தியம் என்று அவர்களில் பலர் நம்பியிருந்தார்கள். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது, மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற ஊரில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் வைத்தியம் பார்த்தார். சலைன் தீர்ந்து போயிற்று. வேறு வழியில்லாமல் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்து, தாய்மார் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அப்புறமும் உலகம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் திட்டமாக ஏற்றது 1978இல்தான். 2022இல் அவர் காலமானார். பத்ம விபூஷண் வந்தது அதற்கு அடுத்த வருஷம்.

சூட்சுமம் இவ்வளவுதான். வெறும் தண்ணீரைச் சரியாக இழுக்காத குடல், உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் இழுத்துக்கொள்கிறது. நம் வீட்டு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் அந்த வேலையைச் செய்யக்கூடியதே. தினம் காலையில் உப்புப் போட்டு நீராகாரம் குடித்த அப்பத்தாவுக்கு, பிள்ளைக்கு மட்டும் அது ஆகாது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

எதிர்வீட்டுப் பெண்ணை நான் திட்டவில்லை. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வரச் சொன்னேன் (பழ ருசிப் பானம் அல்ல, கரைக்கிற பொடி). பாக்கெட் முழுவதையும் அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். தாய்ப்பாலை உடனே ஆரம்பிக்கச் சொன்னேன். துத்தநாக மருந்தும் டாக்டர் எழுதித் தருவார். மலத்தில் ரத்தம், மயக்கம் போன்ற தூக்கம், குடிக்க முடியாமை, மூத்திரமே போகாமை என்று எதைக் கண்டாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கூடவே அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றார். பாலை நிறுத்தச் சொன்னவர் அவர்தான். ஒன்றும் பேசவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. கரைசலைக் கலக்கி, சங்கை அவர் கையில் கொடுத்தேன்.